நனைந்த பிறகும் முக்காடு வேண்டும்

மலை முகட்டில் தனியாக ஒரு கூடாரத்துக்குள் உட்கார்ந்துகொண்டு, கையில் பிடித்திருந்த ஸிப்பை எந்தப் பக்கம் இழுத்தால் திறக்கும் என்று தெரியாமல் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த இரவு கடந்து ஐந்து மாதம் ஆகிறது. இப்போதுதான் அதைப் பற்றி எழுதத் தைரியம் வந்திருக்கிறது. கிளம்புவதற்கு முன் நான் படிக்காமல் போகவில்லை. எந்தப் பை நல்லது, எந்த ஷூ வழுக்காது, ஒரு நாளைக்கு எவ்வளவு சாப்பாடு எடுத்துப் போகணும் என்றெல்லாம் வாரக்கணக்கில் தேடிப் படித்தேன். நாள்கணக்கில் விடாத மழையில் நடந்தால் உடம்புக்கும் மூளைக்கும் என்ன ஆகும் என்பதை மட்டும் யாரும் எனக்குச் சொல்லவில்லை. அது தெரியாமல் இன்னொருவர் போகக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

திட்டம் ஐந்து நாள், சுமார் 60 கிலோமீட்டர். ஒரு பக்கம் ஏறி, முகட்டோடு ஒரு நாள் நடந்து, மறுபக்கம் இறங்கும் பாதை. இரண்டு பேர் போவதாக இருந்தது. கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது நண்பனுக்குக் காய்ச்சல். லீவு போட்டாயிற்று, சாமானெல்லாம் வாங்கியாயிற்று, தனியாகவே போய்விடலாம் என்று முடிவெடுத்தேன். அதற்கு முன் நான் நடந்ததெல்லாம் வெயில் நாட்களில், ஓரிரவு தங்கும் சின்னப் பயணங்கள். வானிலை அறிக்கை 'விட்டுவிட்டு லேசான மழை' என்றது. அது அடிவார ஊருக்கான அறிக்கை என்பதை நான் யோசிக்கவே இல்லை. ஈரக்காற்று மலைமேல் ஏறும்போது குளிர்ந்து அங்கேயே மழையைக் கொட்டிவிடும். கீழே தூறலாக இருப்பது மேலே அடைமழையாக இருக்கலாம். வெப்பநிலையும் ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 6 டிகிரி குறையும். அடிவாரத்தில் 20 டிகிரி என்றால் 1,500 மீட்டர் மேலே 11 டிகிரிதான். அதோடு காற்றும் ஈரமும் சேர்ந்தால் போதும், உயிருக்கே ஆபத்து வரும். பனி விழ வேண்டிய அவசியமே இல்லை. 'குளிர்காலம் இல்லையே' என்ற ஒரே தைரியத்தில் நான் கிளம்பினேன்.

முதல் நாள் தூறலில் நடந்தேன். உண்மையைச் சொன்னால் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. மேகம் மரங்களுக்குள் புகுந்து போவதைப் பார்த்துக்கொண்டே ஏறினேன். மழைக்கோட்டுக்குள் பருத்தி பனியன் போட்டிருந்தேன். ஏற்றத்தில் வியர்த்துக் கொட்டியது. மழை உள்ளே வரவில்லை, ஆனால் வியர்வையும் வெளியே போகவில்லை. நடக்கும்வரை உடம்பு சூடாக இருந்ததால் ஒன்றும் தெரியவில்லை. நின்ற ஐந்தாவது நிமிடம் முதுகில் ஐஸ் கட்டி வைத்ததுபோல இருந்தது. பருத்தி, நனைந்தால் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். கம்பளி நனைந்தாலும் ஓரளவு கதகதப்பைத் தக்கவைக்கும். பாலியஸ்டர் பனியன் சீக்கிரம் காயும். மழைப் பயணத்துக்குப் பருத்தியில் பனியன், ஜட்டி, சாக்ஸ், ஜீன்ஸ் எதையும் எடுக்காதீர்கள். ஏறும்போது லேசாகக் குளிரும் அளவுக்கே உடுத்திக்கொண்டு, மெதுவாக, வியர்க்காமல் ஏறுங்கள். மழைக்கோட்டு என்ன விலைக்கு வாங்கியதாக இருந்தாலும் சரி, நாள் முழுக்கக் கொட்டும் மழையில் அதன் வெளித்துணி ஊறிவிடும். ஊறியபின் உள்ளே இருக்கும் வியர்வை ஆவியாகி வெளியேற வழி கிடையாது. வெளியிலிருந்து நனையாவிட்டாலும் உள்ளிருந்து நனைந்துவிடுவீர்கள். இதை ஏற்றுக்கொண்டு திட்டம் போட்டால்தான் பிழைக்க முடியும்.

அன்று சாயங்காலம் இறங்கி வந்துகொண்டிருந்த ஒரு பெரியவர் என்னை நிறுத்தினார். "தம்பி, தனியாவா போறீங்க? நாளைக்கு முகட்டுல காத்து பலமா இருக்கும். மேல போய்த் தங்காதீங்க. காய்ஞ்ச துணி பத்திரமா வச்சிருக்கீங்கல்ல?" என்றார். "இருக்குங்கய்யா" என்றேன். இருக்கத்தான் செய்தது. பையின் அடியில், பாலிதீன் கவரில், ஒரு முழுக்கைச் சட்டை, ஒரு கால்சட்டை, இரண்டு ஜோடி சாக்ஸ். அவர் கேட்ட கேள்வியின் அர்த்தம் எனக்கு மறுநாள் இரவுதான் புரிந்தது.

இரண்டாம் நாள் காலையில் செய்த தவறுதான் எல்லாவற்றுக்கும் மூலம். கூடாரத்துக்குள் விழித்துப் பார்த்தால் நேற்றுப் போட்ட துணியெல்லாம் சொதசொதவென்று கிடந்தது. ராத்திரி காய்ந்துவிடும் என்று நினைத்திருந்தேன். மழை நாளில் கூடாரத்துக்குள் எதுவும் காயாது; நம் மூச்சுக்காற்றே உள்சுவரில் நீராகப் படிந்து வழியும். ராத்திரி போட்டுத் தூங்கிய காய்ந்த துணி உடம்பில் இதமாக இருக்கிறது. அதைக் கழற்றிவிட்டு அந்தச் சில்லிட்ட ஈரத் துணியை மாட்ட மனசு வரவில்லை. மழையும் கொஞ்சம் விட்டிருந்தது. காய்ந்த துணியோடேயே நடக்கக் கிளம்பினேன். பதினோரு மணிக்கு மழை பிடித்தது. மதியத்துக்குள் என்னிடம் காய்ந்த துணி என்று ஒரு நூல்கூட இல்லை.

'முழுக்க நனைந்தபின் முக்காடு எதற்கு' என்பார்கள். அன்று மதியம் அதையேதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எப்படியும் நனைந்துவிட்டோம், இனி என்ன கவனம், வேகமாகப் போய்ச் சேர்ந்தால் சரி என்று. மலைப்பாதையில் இதைவிட மோசமான எண்ணம் கிடையாது. நனைந்த பிறகுதான் முக்காடு வேண்டும். நடக்கும்போது நனைவதில் பெரிய ஆபத்தில்லை. நடை சூட்டை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். நடையை நிறுத்தியபின் மாற்றிக்கொள்ளக் காய்ந்த துணியும் காய்ந்த படுக்கையும் இல்லாமல் போவதுதான் ஆளைக் கொல்லும். ஒரு செட் துணி ராத்திரிக்கு மட்டும். காலையில் எவ்வளவு கொடுமையாக இருந்தாலும் அதைக் கழற்றிக் கட்டி வைத்துவிட்டு ஈரத் துணியையே மாட்டிக்கொண்டு நடங்கள். முதல் கால்மணி நேரம் அழுகை வரும். பிறகு உடம்புச் சூட்டில் சரியாகிவிடும்.

முகட்டில் காற்று பெரியவர் சொன்னதைவிட அதிகமாக இருந்தது. நான் போட்டிருந்த நேரக் கணக்கும் பொய்த்துப்போனது. நடைப் பயணத்துக்கு நெய்ஸ்மித் விதி என்று ஒன்று உண்டு, 1892-ல் ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர் சொன்னது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். அதன்படி ஆறரை மணி நேரத்தில் முடிய வேண்டிய தூரம் எனக்குப் பதினோரு மணி நேரம் பிடித்தது. வழுக்குப் பாறை, சேறு, தண்ணீரில் ஊறிக் கனத்துப்போன பை. நனைத்துச் சுமப்பது என்பதன் முழு அர்த்தம் அன்று தோளில் தெரிந்தது. நடுவே நின்று சாப்பிட்டால் குளிரும் என்று சாப்பிடாமலேயே நடந்தேன். அதுவும் தவறு. உடம்பு சூட்டை உண்டாக்க எரிபொருள் வேண்டும். கடலை, சாக்லேட், உலர்பழம் எதுவானாலும் கோட்டின் மேல்பாக்கெட்டில் வைத்து, நடந்துகொண்டே அரைமணிக்கொரு முறை மென்றுகொண்டே இருக்கணும். பையைக் கழற்றினால்தான் எடுக்க முடியும் என்றால் மழையில் யாரும் எடுக்க மாட்டோம்.

முகட்டில் தங்க வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. என்னுடைய கூடாரத்தில் முதலில் உள்கூடாரத்தைக் கட்டி, அதன்மேல் மழைத்துணியைப் போர்த்தணும். காற்றில் மேல்துணி பறந்து பறந்து போனது. அதைப் பிடித்துக் கட்டி முடிப்பதற்குள் உள்ளே குட்டை மாதிரித் தண்ணீர். கூடாரம் வாங்கும்போது மழைத்துணியை முதலில் கட்டிவிட்டு அதன் அடியில் உள்கூடாரத்தை மாட்ட முடியுமா என்று கேட்டு வாங்குங்கள். வீட்டில் ஒருமுறை ஷவருக்கு அடியிலோ மழை நாளிலோ கட்டிப் பழகுங்கள்.

உள்ளே போய்ப் பையைத் திறந்தேன். வெளியே மழை உறை போட்டிருந்தேன், ஆனால் முதுகுக்கும் பைக்கும் நடுவே வழிந்த தண்ணீர் தோள்பட்டை வழியாக உள்ளே இறங்கி, பையின் அடியில் தேங்கியிருந்தது. வெளியே போட்ட உறையே அந்தத் தண்ணீரைத் தொட்டி மாதிரிப் பிடித்து வைத்திருந்தது. பையின் அடியில் இருந்தது ஸ்லீப்பிங் பேக். இறகு அடைத்தது. காய்ந்திருந்தால் அதைப்போல எடை குறைந்த, கதகதப்பான படுக்கை வேறில்லை. நனைந்தால் இறகெல்லாம் உருண்டையாகச் சுருண்டுகொள்ளும், அதற்குள் காற்று தங்காது, சூடும் தங்காது. முழங்காலுக்குக் கீழே முழுக்க ஊறிப்போயிருந்தது. இதற்குத் தீர்வு ரொம்பச் சாதாரணமானது. பெரிய, தடித்த பிளாஸ்டிக் குப்பைப் பை ஒன்றைப் பைக்குள் உறையாகப் போட்டு, ஸ்லீப்பிங் பேக், ராத்திரித் துணி, நெற்றி விளக்கு, தீப்பெட்டி எல்லாவற்றையும் அதற்குள் வைத்து வாயை முறுக்கிக் கட்டணும். ஒரு குப்பைப் பையின் விலை மிச்சமாகி, ஒரு ஸ்லீப்பிங் பேக்கின் விலை எனக்குப் போனது.

நடுக்கம் ஆரம்பித்தது எட்டு மணிவாக்கில். முதலில் பல் கிட்டியது. பிறகு தோள், தொடை எல்லாம் என் கட்டுப்பாட்டில் இல்லாமல் உதறியது. கொஞ்ச நேரத்தில் ஒரு வினோதமான சோம்பல் வந்தது. பசிக்கிறது, ஆனால் சாப்பாட்டை எடுக்கத் தோன்றவில்லை. கோட்டைக் கழற்றணும், ஆனால் பிறகு கழற்றிக்கொள்ளலாம் என்று இருந்தது. ஸிப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது அப்போதுதான். அம்மாவிடம் எதையோ சொல்ல மறந்துவிட்டேன் என்று திரும்பத் திரும்பத் தோன்றியது, என்னவென்று ஞாபகம் வரவில்லை. 'அம்மா' என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். நாக்கு குழறியது. அந்தக் குழறல் என் காதிலேயே விழுந்ததுதான் என்னைக் காப்பாற்றியது. பயம் வந்தது, பயத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது.

உடம்பின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனால் அதற்குப் பெயர் ஹைப்போதெர்மியா. விரல் வேலை செய்யாது, கால் தடுமாறும், பேச்சு குழறும், எரிச்சலும் அலட்சியமும் வரும். இதில் கொடுமையானது, முதலில் பாதிக்கப்படுவதில் புத்தியும் ஒன்று. ஆபத்தில் இருக்கிறோம் என்று கண்டுபிடிக்க வேண்டிய மூளைதான் மந்தமாகிப்போகிறது. இரண்டு பேர் இருந்தால் ஒருவர் மற்றவரைக் கவனிக்கலாம். தனியாளுக்கு அந்த வசதி இல்லை. அதனால் தனியாகப் போகிறவர்கள் குளிர ஆரம்பித்த முதல் நிமிடத்திலேயே, புத்தி நன்றாக இருக்கும்போதே, செய்ய வேண்டியதைச் செய்துவிடணும். குளிர் விடாமல் நடுக்கம் மட்டும் தானாக நின்றால் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். அது நிலைமை கைமீறிப் போவதன் அடையாளம்.

நான் செய்தது இதுதான். ஈரத் துணி அத்தனையையும் கழற்றினேன். குப்பை போட எடுத்துவந்த இரண்டு பிளாஸ்டிக் பைகளில் ஒன்றின் அடியில் தலைக்கும் கைகளுக்கும் ஓட்டை கிழித்துச் சட்டை மாதிரி மாட்டிக்கொண்டேன். இன்னொன்றுக்குள் இரண்டு காலையும் விட்டுக்கொண்டேன். அப்படியே அந்த ஸ்லீப்பிங் பேக்குக்குள் புகுந்தேன். பிளாஸ்டிக் உடம்புக்கும் ஈரத்துக்கும் நடுவே நின்றது. லைட்டரின் சக்கரத்தைச் சுழற்ற விரலில் வலு இல்லை. தீக்குச்சிதான் கைகொடுத்தது, அதுவும் ஸிப் கவருக்குள் இருந்ததால். அடுப்பைக் கூடார வாசலில் வைத்து, கதவைத் திறந்து வைத்துக்கொண்டே தண்ணீர் கொதிக்க வைத்தேன். மழை உள்ளே தெறித்தது. மூடிவிடலாம் என்று ஆசையாக இருந்தது. மூடிய கூடாரத்துக்குள் அடுப்பு எரித்தால் கார்பன் மோனாக்சைடு சேரும், அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, தூக்கத்திலேயே முடித்துவிடும். அது மட்டும் எப்படியோ ஞாபகம் இருந்தது. பாதித் தண்ணீரில் சர்க்கரையை அள்ளிப் போட்டுக் குடித்தேன். மீதியை ஸ்டீல் பாட்டிலில் ஊற்றி, சாக்ஸுக்குள் நுழைத்துத் தொடைகளுக்கு நடுவே வைத்துக்கொண்டேன். இருந்த சாக்லேட் எல்லாவற்றையும் தின்றேன். தூக்கம் வரும்போதெல்லாம் படுத்தபடியே வயிற்றுத் தசையை இறுக்கி இறுக்கி விட்டேன். மூன்று முறை தண்ணீர் காய வைத்தேன். விடியும்வரை மணி பார்த்துக்கொண்டே இருந்தேன். அவ்வளவு நீண்ட இரவை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

மூன்றாம் நாள் இறங்கிவிடுவது என்று முடிவு செய்தேன். முகட்டுக்கு மறுபக்கம் ஒரு குறுக்குப் பாதை சாலைக்குப் போகிறது. அதற்கு முன் ஒரு ஓடை. கணுக்கால் அளவுதான் இருக்கும் என்று படித்திருந்தேன். நான் போய் நின்றபோது செம்மண் நிறத்தில் நுரைத்துக்கொண்டு, மரக்கிளைகளை இழுத்துக்கொண்டு ஓடியது. தண்ணீர்ச் சத்தத்துக்கு அடியில் 'தொம் தொம்' என்று இன்னொரு சத்தம். கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது, அடியில் பாறைகள் உருண்டு மோதும் சத்தம். தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது காலைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். முழங்கால் ஆழமே ஒரு ஆளை அடித்துக்கொண்டு போகப் போதும். அக்கரையில் பாதை கண்ணுக்குத் தெரிகிறது. இருபது அடி தூரம். அதைத் தாண்டினால் சாலை, சூடான சாப்பாடு, காய்ந்த படுக்கை. அந்த இருபது அடிதான் அந்தப் பயணத்தின் மிகப் பெரிய சோதனை. கரையோரம் ஒரு குச்சியை நட்டு வைத்துப் பார்த்தேன். ஒரு மணி நேரத்தில் தண்ணீர் ஒரு சாண் ஏறியது. திரும்பிப் போகலாமென்றால் காலையில் ஒரே எட்டில் தாண்டி வந்த வாய்க்காலும் இப்போது அதேபோலத்தான் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டேன். மழை நாளில் சாயங்காலம் ஓடை குறுக்கே வந்து, அப்போது கடக்கும் நிலையில் இருந்தால், கடந்துவிட்டு அக்கரையில் தங்குங்கள். இக்கரையில் தங்கிக் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

மேட்டில் கூடாரம் போட்டு இருபது மணி நேரம் காத்திருந்தேன். மழையால் பெருகிய சின்ன ஓடை, மழை நின்ற சில மணி நேரத்தில் வடிந்துவிடும். நள்ளிரவில் மழை விட்டது. காலையில் குச்சியின் அடியில் கூழாங்கல் தெரிந்தது. தண்ணீர் முழங்காலுக்குக் கீழே இறங்கித் தெளிந்திருந்தது. அகலமாகவும் ஆழமில்லாமலும் ஓடிய இடமாகப் பார்த்து, ஷூவைக் கழற்றாமல், பையின் இடுப்பு வாரையும் நெஞ்சு வாரையும் அவிழ்த்துவிட்டு, ஊன்றுகோலை முன்னால் ஊன்றி, வரும் தண்ணீரைப் பார்த்தபடி பக்கவாட்டில் அடிவைத்துக் கடந்தேன். வாரை அவிழ்ப்பது, விழுந்தால் பையை உதறிவிட்டு எழுவதற்கு. கட்டிய பையோடு விழுந்தால் அது ஆளைக் கவிழ்த்து அமுக்கிவிடும்.

இத்தனைக்கும் நடுவே நான் கவனிக்காமல் விட்டது பாதங்களை. ஷூ தண்ணீர் புகாதது என்று சொல்லித்தான் வாங்கினேன். மேல்வழியாகப் புகுந்த தண்ணீர் வெளியேற வழியில்லாமல் நான்கு நாளும் உள்ளேயே கிடந்தது. சாலைக்கு வந்து கழற்றியபோது பாதம் வெளுத்து, சுருங்கி, கிள்ளினால் உணர்ச்சி இல்லாமல் இருந்தது. அன்றிரவு சூடு ஏறியபோது சிவந்து வீங்கி, தீயை மிதித்ததுபோல எரிந்தது. முதல் உலகப் போரில் பதுங்குகுழித் தண்ணீரில் நின்ற சிப்பாய்களுக்கு வந்த அதே நோய்தான், ட்ரெஞ்ச் ஃபுட் என்றார் மருத்துவர். உறைகுளிர் இல்லாமலே வரும். விரல் நுனிகளில் முழு உணர்ச்சி திரும்ப ஏழு வாரம் ஆனது. தினமும் ராத்திரி பாதத்தைத் துடைத்து, காயவிட்டு, காய்ந்த சாக்ஸோடு தூங்கியிருந்தால் இது வந்திருக்காது. அந்தச் சாக்ஸைத்தான் நான் இரண்டாம் நாள் காலையிலேயே போட்டு நடந்துவிட்டேனே.

அக்காவிடம், "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கூப்பிடறேன்க்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போயிருந்தேன். முகட்டில் அந்த இரவு வியாழக்கிழமை. நான் அன்றே செத்துப்போயிருந்தால்கூட ஞாயிறு இரவுவரை யாரும் தேடியிருக்க மாட்டார்கள். எங்கே தேடுவது என்றும் அவளுக்குத் தெரியாது. போனில் கூப்பிடவும் வழியில்லை: சிக்னல் கிடைத்த இடத்தில் ஈர விரலுக்குத் திரை அசையவில்லை, சார்ஜ் போடும் துளையில் ஈரம் என்று பவர் பேங்க்கையும் ஏற்கவில்லை. போனையும் பவர் பேங்க்கையும் தனித்தனி ஸிப் கவரில் வையுங்கள். வரைபடத்தைக் காகிதத்திலும் எடுத்து பிளாஸ்டிக் உறைக்குள் போடுங்கள், என்னுடையது கூழாகிப்போனது. ஒவ்வொரு இரவும் எங்கே தங்குவீர்கள், நடுவில் இறங்க எந்தப் பாதைகள் உண்டு, எத்தனை மணிக்கு மேல் தகவல் இல்லையென்றால் யாரைக் கூப்பிடணும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். ஓடை வடியக் காத்திருக்கும் நாளையும் அந்தக் கணக்கில் சேருங்கள், ஒரு நாள் சாப்பாட்டையும் சேர்த்துத்தான்.

ஐந்து நாள் லீவு, பாதம் ஆற இன்னும் ஒன்பது நாள் சம்பளமில்லா லீவு, ஸ்லீப்பிங் பேக், போன், மருத்துவச் செலவு. எல்லாம் சேர்த்தால் என் ஒரு மாதச் சம்பளத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. ஸ்லீப்பிங் பேக்கை வீட்டுக்கு வந்தும் இரண்டு நாள் பையிலேயே சுருட்டி வைத்துவிட்டேன். இறகு நாறிப்போய்க் காப்பாற்ற முடியவில்லை. மழைப் பயணங்களுக்கு இப்போது செயற்கை இழை அடைத்ததுதான் வைத்திருக்கிறேன். எடை கூடுதல், நனைந்தாலும் கொஞ்சம் சூடு தரும்.

போன மாதம் அக்காவும் நானுமாக இரண்டு நாள் நடந்துவிட்டு வந்தோம். இரண்டாம் நாள் காலையில் மழை. ராத்திரித் துணியைக் கழற்றி மடித்து, குப்பைப் பைக்குள் போட்டு முறுக்கிக் கட்டினேன். கூடாரக் கயிற்றில் கிடந்த ஈரச் சட்டையை எடுத்துத் தலைவழியாக மாட்டினபோது மூச்சே நின்றுவிடும்போல இருந்தது. "அப்படியே அந்தக் காய்ஞ்சதையே போட்டுக்கோயேன்டா, மழை விட்டுரும்" என்றாள் அக்கா. வேண்டாமென்று சொல்லிவிட்டு நடக்க ஆரம்பித்தேன். முதல் திருப்பம் தாண்டுவதற்குள் முதுகு சூடாகிவிட்டது.